'பத்து பிளை' டயரில் பத்து அடுக்கு இருக்கிறதா?



சுங்கைப் பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு டயர் கடைக்குப் போய், ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற ஃபோர் வீல் வண்டிக்கு டயர் கேட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் 'பிளை' என்ற சொல் வந்துவிடும். "தோட்டத்துக்குப் போற வண்டியா? அப்ப பத்து பிளை எடுங்க அண்ணே, பக்கம் கிழியாது." வாங்குபவரும் தலையாட்டுவார். பத்து அடுக்கு என்றால் பலமாகத்தானே இருக்கும்! ஆனால் அந்த டயரை அறுத்துப் பார்த்தால் பக்கச்சுவரில் இரண்டு அடுக்குதான் இருக்கும்; சிலவற்றில் மூன்று. மீதி எட்டும் எங்கே போயின?

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வாங்குபவர்தான் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்கிறார். நான்கு டயர்களுக்குக் குடும்பத்தின் பணம் போகிறது. காட்டுப்பாதை நடுவில் டயர் வெடித்தால் உயிரும் போகலாம். எனவே பக்கச்சுவரின் பலத்தை எப்படி ஒப்பிடுவது என்று இந்த வாரம் பார்ப்போம். படிவம் ஐந்து இயற்பியலில் மலாயில் 'கெக்கெஞாலான்', 'தெக்கானான்' என்று படிக்கும் மீள்திறனும் அழுத்தமும், வேதியியலில் வரும் பலபடியும் (பாலிமர்) இந்தப் பாடத்தில் ஒன்றாக வந்து சேர்கின்றன.

பூவை விடப் பக்கம் ஏன் முக்கியம்?

டயர் வாங்கும்போது எல்லாரும் முதலில் பார்ப்பது தரையைத் தொடும் பகுதியை. மலாயில் அதை 'பூங்ஙா தாயர்', டயரின் பூ என்பார்கள். நாமும் பூ என்றே சொல்வோம். பூவில் ஆணி ஏறினால் கடையில் ஒட்டுப் போட்டுவிடலாம். பக்கச்சுவரில் கிழிந்தால் பட்டறை அண்ணன் உதட்டைப் பிதுக்கிவிடுவார். டயரைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அறுந்த நூலை மறுபடி இணைக்க வழியில்லை. தவிர, சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்த இடம் மடங்கி நிமிர்வதால் எந்த ஒட்டும் அங்கே நிலைக்காது.

நம் கெடா தோட்டங்களில் பக்கச்சுவருக்கு எதிரிகள் நிறைய. செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இரு ஓரத்திலும் முள் வரிசை. அறுவடை செய்பவர் சாய்வாக வெட்டிப் போட்ட மட்டையின் முனை உளி மாதிரி நிற்கும். பாதையோரத்தில் வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டை இன்னும் மோசம். செம்மண் சாலையில் கொட்டிய உடைகல்லுக்கும் கூர்மையான விளிம்பு உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூலை 4-இல் பாலிங், குப்பாங் வட்டாரத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்தபோது மரக்கட்டைகளும் சேறும் கிராமங்களுக்குள் புகுந்தன. அப்படிப்பட்ட இடத்துக்கு உதவிப் பொருள் கொண்டுபோகும் வண்டியின் டயர் சேற்றுக்குள் மறைந்திருக்கும் கட்டையில் கிழிந்தால், உதவப் போனவருக்கே உதவி தேவைப்படும்.

டயர் என்பது ஒரு நூல் பை

டயர் எதனால் ஆனது என்று வகுப்பில் கேட்டால் எல்லாரும் 'ரப்பர்' என்பார்கள். பாதி விடைதான் அது. டயர் என்பது நூலால் ஆன ஒரு பை. ரப்பர், அந்த நூலைப் பிடித்து வைத்துக் காற்றை வெளியே விடாமல் காக்கும் பூச்சு.

ரிம்மில் உட்காரும் இரு விளிம்புகளிலும் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது. ஒரு வளையத்திலிருந்து பக்கச்சுவர் வழியாக ஏறி, பூவுக்கு அடியில் போய், மறு பக்கச்சுவர் வழியாக இறங்கி, அடுத்த வளையத்தைச் சுற்றிக்கொள்கிறது நூல். இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர் நூல். பக்கவாட்டில் பார்த்தால் இந்த நூல்கள் சைக்கிள் கம்பிகளைப் போல மையத்திலிருந்து வெளியே ஓடும். 'ரேடியல்' என்ற பெயர் அதனால்தான் வந்தது. பிரான்சின் மிச்செலின் நிறுவனம் 1946-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ரேடியல் டயரில் பூவுக்கு அடியில் எஃகு இழைப் பட்டைகள் உண்டு. பக்கச்சுவரில் அவை கிடையாது. அங்கே இரண்டு மூன்று நூல் அடுக்கும் சில மில்லிமீட்டர் ரப்பரும் மட்டுமே. வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்கிறார்கள். பக்கம் மடங்கினால்தான் பூ தரையில் படிந்து நிற்கும், பயணமும் சுகமாக இருக்கும்.

முந்தைய முறையில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடும். தோட்டத்து டிராக்டரிலும் டிரெய்லரிலும் இன்றும் அத்தகைய டயர்களைப் பார்க்கலாம். அவற்றின் பக்கம் தடிப்பானது, சட்டென்று கிழியாது. ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் அடுக்குகள் உரசிச் சூடேறும்.

இப்போது அந்தப் பத்து பிளைக்கு வருவோம். ஒரு காலத்தில் டயருக்குள் பருத்தி நூல் இருந்தது. பருத்திக்குப் பலம் குறைவு. எனவே லோரி டயருக்குப் பத்து அடுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது. பிறகு ரேயான், நைலான், பாலியெஸ்டர் வந்தன; குறைந்த அடுக்கிலேயே அதே பலம் கிடைத்தது. வாங்குபவர் பழகிய எண்ணை மட்டும் விடவில்லை. 'பத்து பிளை ரேட்டிங்' என்றால் பழைய பத்து அடுக்குப் பருத்தி டயருக்கு நிகரான சுமை வகை என்று பொருள். இன்று அதையே எழுத்தாலும் குறிக்கிறார்கள்: 'சி' என்றால் 6, 'டி' என்றால் 8, 'இ' என்றால் 10.

உண்மையான எண்ணிக்கை டயரிலேயே இருக்கிறது. ரிம்முக்கு அருகே, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய சிறு எழுத்தில், 'ட்ரெட்: 2 பாலியெஸ்டர், 2 ஸ்டீல், 1 நைலான், சைட்வால்: 2 பாலியெஸ்டர்' என்பது போல அச்சாகியிருக்கும். 'சைட்வால்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதுதான் நமக்கு வேண்டியது.

சுமையைத் தாங்குவது யார்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வண்டியும் சுமையும் சேர்த்து 2,000 கிலோ என்றால் ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ, ஏறக்குறைய 5,000 நியூட்டன். டயரில் 240 கிலோபாஸ்கல் காற்று (35 பிஎஸ்ஐ) இருக்கட்டும். பரப்பு என்பது விசையை அழுத்தத்தால் வகுப்பது. 5,000-ஐ 240,000-ஆல் வகுத்தால் சுமார் 0.021 சதுர மீட்டர், அதாவது 210 சதுர சென்டிமீட்டர். விரித்து வைத்த உங்கள் கையை விடச் சற்றுப் பெரிய இடத்தில்தான் அந்தச் சக்கரம் நிற்கிறது.

இனி நூல். காற்று பக்கச்சுவரை வெளியே தள்ளுகிறது. நூல் இழுத்துப் பிடிக்கிறது. வளைந்த சுவரில் ஒரு மீட்டர் அகலத்துக்கான இழுவிசை, தோராயமாக, அழுத்தத்தை வளைவின் ஆரத்தால் பெருக்கினால் கிடைக்கும். ஆரம் 8 சென்டிமீட்டர் என்று வைத்தால் 240,000 × 0.08 = 19,200 நியூட்டன். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு 192 நியூட்டன். அந்த ஒரு சென்டிமீட்டரில் அடுக்குக்குப் பத்து நூல் வீதம் இரண்டு அடுக்கில் இருபது நூல் இருந்தால், ஒரு நூலின் பங்கு சுமார் 10 நியூட்டன். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைத் தூக்கும் அளவுதான்! டயர் நூல் ஒன்று இதைப் போல் பத்து மடங்குக்கு மேல் தாங்கும்.

ஆகவே காற்றின் அழுத்தம் மட்டும் நல்ல டயரின் பக்கத்தைக் கிழிக்காது, இரண்டு அடுக்கானாலும் சரி, மூன்றானாலும் சரி. அடுக்குகள் கூடினால் அதிகக் காற்றைப் பிடித்து வைக்கலாம். அதிகக் காற்று அதிகச் சுமையைத் தூக்கும். 'இ' வகை டயரின் பக்கத்தில் சுமைக் குறியீடு 120, அதாவது 1,400 கிலோ, என்று இருந்தால் அது 550 கிலோபாஸ்கல் (80 பிஎஸ்ஐ) அளவுக்குக் காற்றடித்தால் மட்டுமே. அதே டயரில் 35 பிஎஸ்ஐ மட்டும் அடித்துவிட்டு 1,400 கிலோ ஏற்றினால் சுவர் மடங்கி வேகும். 'பத்து பிளைதானே, தாங்கும்' என்று காற்றைப் பாராமல் குலை ஏற்றுவது இப்படித்தான் ஆபத்தாகிறது.

கிழிவது எப்படி?

அதே 5,000 நியூட்டனில் 1,000 நியூட்டன் மட்டும் மூங்கில் கட்டையின் ஒரு சதுர சென்டிமீட்டர் முனையில் விழுந்தால், அங்கே அழுத்தம் 10 மில்லியன் பாஸ்கல். டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் நாற்பது மடங்கு. நூல் அறுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

இதில் நூல் ஓடும் திசைக்கும் பங்கு உண்டு. வாழை இலையை நரம்பின் வழியாகக் கிழித்துப் பாருங்கள், சர்ரென்று போகும். குறுக்கே கிழிக்க முயன்றால் நரம்புகள் தடுக்கும். ரேடியல் பக்கச்சுவரில் எல்லா நூலும் ஒரே திசையில் ஓடுவதால், கூர்முனை இரு நூல்களுக்கு நடுவே நுழைந்தால் ரப்பர் மட்டும் பிளந்துகொண்டே போகலாம். இதைத் தடுக்க, கூப்பர் நிறுவனம் 'டிஸ்கவரர் எஸ்டி மேக்ஸ்' டயரில் மூன்றாவது அடுக்கைச் சில பாகை சாய்த்து வைத்தது. எத்தனை அடுக்கு என்று கேட்பதோடு எந்தத் திசை என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இன்னொரு வகைச் சேதம் வெளியே தெரியாது. காற்று குறைந்த டயர் வேகமாகக் குழியின் விளிம்பில் மோதினால், பக்கச்சுவர் குழிக்கும் ரிம்முக்கும் நடுவில், கதவிடுக்கில் மாட்டிய விரலைப் போல நசுங்கும். ரப்பர் கிழியாது, உள்ளே நூல் அறும். சில நாள் கழித்து அந்த இடம் முட்டைபோல வீங்கும். நூல் இல்லாத இடத்தில் காற்று ரப்பரை மட்டும் தள்ளுகிறது என்று பொருள். வீங்கிய டயரோடு பினாங்குப் பாலம் ஏறுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

பெயரை வைத்து ஒப்பிடலாமா?

ஆல்-டெரெய்ன் டயர் என்ற வகைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று 1976-இல் வந்த பிஎஃப்குட்ரிச் 'ஆல்-டெரெய்ன் டி/ஏ'. அதன் வழிவந்த 'கேஓ2' டயரில் பல அளவுகளுக்குப் பக்கச்சுவரில் மூன்று பாலியெஸ்டர் அடுக்கு உண்டு. தோளிலும் ரப்பரைத் தடிப்பாக்கியிருக்கிறார்கள். காட்டுப்பாதை ஓட்டுநர்கள் அதை விரும்புவதற்கு அந்தத் தடித்த தோளும் ஒரு காரணம். மேல்ரப்பர் தடிப்பாக இருந்தால் கல்லின் விளிம்பு நூலைத் தொடும் முன்பே நின்றுவிடும். ஆனால் ஒரே பெயருள்ள டயரும் அளவுக்கு அளவு மாறலாம். அளவுக்கு முன்னால் 'எல்டி' என்ற எழுத்து இருந்தால் அது இலகு லோரி வகை, பொதுவாகக் கனமான கட்டமைப்பு. அந்த எழுத்து இல்லாத டயர் அதே பூவோடு பக்கத்திலேயே அடுக்கியிருக்கும், விலையும் குறைவாக இருக்கும்.

கெவ்லர் என்ற பெயரும் பலரை மயக்குகிறது. டியூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965-இல் அந்த இழைக்கு வழி கண்டபோது, அவர் குழு தேடியதே டயரைப் பலப்படுத்த ஓர் இலேசான நூலைத்தான். குண்டு துளைக்காத சட்டை பிறகு வந்தது. குட்இயர் நிறுவனத்தின் இரு டயர்களில் கெவ்லர் பெயர் உண்டு. 'ராங்லர் எம்டி/ஆர்' சேற்று டயரில் அது பக்கச்சுவரில் இருக்கிறது. 'ராங்லர் ஆல்-டெரெய்ன் அட்வென்ச்சர்' டயரில் அது பூவுக்கு அடியில். பெயர் ஒன்று, காக்கும் இடம் வேறு. மூங்கில் கட்டை பக்கத்தில் குத்தினால் பூவுக்கு அடியில் இருக்கும் கெவ்லர் என்ன செய்யும்?

மூன்றாவது அடுக்கு இலவசமாக வருவதில்லை. டயர் கனக்கும், எண்ணெய் அதிகம் குடிக்கும், சாலையில் கடகடவென்று ஆட்டும், மடங்கும்போது அதிகச் சூடாகும். வாரம் முழுவதும் தாரில் ஓடி, மாதம் ஒருமுறை தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போகும் வண்டிக்கு, சரியான காற்றோடு இரண்டு அடுக்கே போதும் என்பேன். தினமும் செம்பனை வரிசைகளுக்கிடையே புகுந்து வரும் வண்டிக்கு மூன்று அடுக்குக்குக் காசு கொடுக்கலாம்.

நம் பால் மரத்தின் பங்கு

பக்கச்சுவர் ரப்பரில் ஏறக்குறைய பாதி இயற்கை ரப்பர், மறு பாதி பாலிபியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பர். செயற்கை ரப்பர் இலட்சக்கணக்கான முறை மடங்கினாலும் வெடிப்பு விடாது. கிழிசலைத் தடுப்பது இயற்கை ரப்பர். அதன் நீண்ட மூலக்கூறுகளை இழுத்தால் அவை வரிசையாக நின்று சிறு படிகங்களாகின்றன. கிழிசலின் முனையில்தான் இழுவை மிக அதிகம், ஆகவே அங்கேயே படிகம் உண்டாகி வழியை மறிக்கிறது. இழுத்த ரப்பர் படிகமாவதை 1925-இல் எக்ஸ்-கதிர் கொண்டு காட்டியவர் காட்ஸ் என்ற அறிவியலாளர். மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியதும் அதே ஆண்டுதான்.

பாலிங், சிக் பக்கம் சிறு தோட்டக்காரர்கள் மங்கில் உறைய விட்டு எடுக்கும் கட்டிப்பால், ஆலையில் எஸ்எம்ஆர் 20 என்ற தரக் கட்டியாக மாறி டயர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. நம் அலோர்ஸ்டாரிலேயே சைம் டயர்ஸ் காலத்திலிருந்து, பிறகு காண்டினெண்டல் பெயரில், டயர் செய்துவந்தார்கள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ விடியற்காலையில் வெட்டிய மரத்தின் பால் ஏதோ ஒரு நாட்டு வண்டியின் பக்கச்சுவரில் ஓடியிருக்கக்கூடும்.

வீட்டில் செய்து பாருங்கள். தடித்த ரப்பர் பேண்டு ஒன்றைச் சட்டென்று இழுத்து உடனே மேலுதட்டில் வையுங்கள்: வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடியே சற்று நேரம் வைத்திருந்து, சட்டென்று தளர்த்தி வையுங்கள்: குளிர்ச்சி. இழுக்கும்போது வரும் வெப்பம் தளரும்போது முழுவதும் திரும்பிப் போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உள்ளே தங்கிவிடுகிறது.

காற்றைக் குறைப்பதா, கூட்டுவதா?

காட்டுப்பாதை ஓட்டுநர்கள் சேற்றிலும் கல்லிலும் இறங்கும் முன் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பார்கள். இரண்டு பலூன் எடுத்து ஒன்றை இறுக்கமாகவும் ஒன்றைப் பாதியாகவும் ஊதி, மழுங்கிய பென்சில் முனையால் அழுத்திப் பாருங்கள் (முகத்தை விலக்கி வையுங்கள்). இறுகிய பலூன் முதலில் வெடிக்கும். தளர்ந்தது முனைக்கு வழிவிட்டு உள்வாங்கும். டயரும் அப்படித்தான். அழுத்தம் பாதியானால் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும், பிடிமானமும் கூடும்.

ஆனால் காற்றைக் குறைத்ததும் பக்கச்சுவர் வெளியே பிதுங்குகிறது. பூவின் நிழலில் ஒதுங்கியிருந்த சுவர் இப்போது மட்டை முனைக்கும் மூங்கில் கட்டைக்கும் தானே முன்வந்து நிற்கிறது. வட்டக் கற்கள் நிறைந்த ஆற்றோரத்தில் பலன் தரும் அதே பழக்கம், வெட்டிய அடிக்கட்டைகள் நிறைந்த புதுநடவுத் தோட்டத்தில் டயரைக் கிழித்துவிடும். பாதையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தார்ச் சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி அடித்தாக வேண்டும். 265/65 ஆர்17 டயரின் சுற்றளவு சுமார் 2.44 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 410 சுற்று. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் வினாடிக்குப் பத்து முறை மடங்கும். சுங்கைப் பட்டாணியிலிருந்து அலோர்ஸ்டார் வரை, 60 கிலோமீட்டர் என்று வைத்தால், 24,000 முறைக்கு மேல். ரப்பர் பேண்டில் உதட்டில் உணர்ந்த அந்த வெதுவெதுப்பை 24,000 முறை கூட்டிப் பாருங்கள். மூன்று அடுக்கு டயரில் மடங்கும் பொருளும் அதிகம். காற்றில்லாமல் ஓட்டினால் அது கூடுதலாகவே சூடேறும்.

சோதனைச் சாலையில்

டயரின் பலத்தை அளக்க அமெரிக்க விதிகளில் ஒரு சோதனை உண்டு. காற்றடித்த டயரில் 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள, முனை மழுங்கிய எஃகுத் தண்டை மெதுவாக அழுத்துவார்கள். உடையும்போது இருந்த விசையையும் தண்டு உள்ளே போன தூரத்தையும் பெருக்கி, இரண்டால் வகுப்பார்கள். விசை–தூர வரைபடத்தில் முக்கோணத்தின் பரப்பு அது. ஜூலில் கிடைக்கும் ஆற்றல். ஆனால் தண்டு குத்தப்படுவது பூவின் மேல், பக்கச்சுவரில் அல்ல. பக்கச்சுவர் எவ்வளவு வெட்டைத் தாங்கும் என்று சொல்லும் பொது எண் எதுவும் டயரில் அச்சிடப்படுவதில்லை. அதனால்தான் அடுக்கு, நூல், அது ஓடும் திசை, ரப்பரின் தடிப்பு, 'எல்டி' எழுத்து ஆகியவற்றை நாமே சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு. இதே தண்டைக் கற்பனையில் இரு டயர்களின் பக்கச்சுவரில் அழுத்துகிறோம். விறைப்பான டயர் 'அ' 12,000 நியூட்டனில், 6 சென்டிமீட்டர் உள்வாங்கியதும் உடைகிறது. நெகிழ்வான டயர் 'ஆ' 10,000 நியூட்டனிலேயே உடைகிறது. ஆனால் அதற்குள் 8 சென்டிமீட்டர் உள்வாங்கிவிடுகிறது. கல்லில் மோதும்போது அதிக ஆற்றலைத் தாங்குவது எது?

விடை: 'அ' 360 ஜூல், 'ஆ' 400 ஜூல்.